பாட்டி வேலை

மலேசியாவில், எங்கள் ஈப்போவில் யாராவது "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால், புத்தகம் எழுதுகிறேன் என்பேன். "அது சரி, வேலை என்ன?" என்று மறுபடியும் கேட்பார்கள். முன்பெல்லாம் பொறுமையாக விளக்குவேன். இப்போது "அதுதாங்க வேலை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சிலிபின் பாசாரில் மீன் விற்கும் சீனருக்குக்கூடத் தெரியும்.

கதையும் கவிதையும் எனக்கு வராது. நடந்ததைக் கேட்டு, சரிபார்த்து, ஒழுங்காக எழுதத் தெரியும். கோயில் கும்பாபிஷேக மலர் எழுதியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளி வரலாறு எழுதியிருக்கிறேன். லோரி ஓட்டி லோரி முதலாளியான ஒருவரின் வாழ்க்கை, செட்டிநாட்டிலிருந்து வந்து இங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் வரலாறு, இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி உள்ளவர்கள் என்னென்ன சாப்பிடலாம் என்று ஒன்று. அந்தக் கடைசிப் புத்தகம்தான் நன்றாக விற்றது. அதை எழுதிய நாட்களில் நான் தினமும் காலையில் எண்ணெய் சொட்டும் ரொட்டி சானாய் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் சம்பளத்தில் சோறு, என் எழுத்தில் குழம்பு. அவர் போன பிறகு இரண்டும் எழுத்தில்தான். தமிழ்ப் புத்தகம் எங்கள் ஊரில் கடையில் விற்காது, வெளியீட்டு விழாவில்தான் விற்கும். மேடையில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு பணம் வைத்த ஓர் உறையை நீட்டுவார். பிறகு பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடையேறி வாங்குவார்கள். அந்த ஒரே நாளில் அச்சுச் செலவு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் எனக்கு. விழா கெட்டால் என் பாடு திண்டாட்டம்.

இப்படி இருக்கும்போதுதான் லகாட் பக்கத்து ஒரு பழைய தோட்டத்து ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். அங்கே இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. பாதி எண்ணெய்ச் செம்பனை, பாதி தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். அங்கே பிறந்தவர்கள் சிலிபினிலும் காம்பாரிலும் இன்னும் எங்கெங்கோவும் சிதறிப் போனாலும், வருஷத்துக்கு ஒருமுறை கூடிச் சாப்பிட்டு, பழைய கதை பேசிக் கலைவார்கள். அந்த ஒன்றுகூடல் குழுவுக்குத் தலைவர், ஏர்கோன், அதாவது ஏசி பொருத்தும் குத்தகைத் தொழில் செய்பவர். அறுபதை நெருங்கியவர், பூப்போட்ட பாத்திக் சட்டை, பெரிய தொப்பை, பெரிய மனசு.

"டீச்சர், நம்ம தோட்டத்தப் பத்தி ஒரு புக்கு போடணும் லா. நாங்கள்லாம் போய்ட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். நான் டீச்சர் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் தமிழில் நாலு பக்கம் எழுதுகிற பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

முதல் கூட்டத்திலேயே அவர் எழுந்து, "டீச்சர் இத ஒரு சேவையா நெனச்சி நமக்கு எழுதிக் குடுக்குறாங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வந்ததே கோபம்.

"சேவை இல்லைங்க, இது வேலை. சேவை செய்யணும்னா கோயிலுக்குப் போய்க் கூட்டிப் பெருக்குவேன். அங்க பிரசாதமாவது கெடைக்கும்."

பின்னால் ஓர் அம்மா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அதான் டீச்சர், வேலைதான், நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். நல்ல மனுஷன். கோபித்துக்கொள்ளவில்லை.

என் பழைய காடியை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பேச்சைப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து கேட்டுக் கேட்டு எழுதுவது என் வழக்கம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு நாள் போய்விடும், முதுகும் போய்விடும். ஆனால் அந்த நாட்களில் எனக்கு அலுப்பே தெரியவில்லை. யாரிடம் போனாலும், எங்கிருந்து ஆரம்பித்தாலும், பேச்சு ஒரே இடத்துக்கு வந்து நின்றது. ஆயாக் கொட்டகை.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு. அதாவது தொழிலாளர் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையாக நின்று பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போக வேண்டும். அப்பாவும் போவார், அம்மாவும் போவாள். கைக்குழந்தையை என்ன செய்வது? அதற்குத்தான் அந்தக் கொட்டகை. பலகைச் சுவர், தகரக் கூரை, உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நிர்வாகம் சம்பளம் கொடுத்து ஒரு பெண்ணை வைத்திருக்கும். அவருக்குத் தோட்டத்தில் ஆயா என்று பெயர்.

ஒருவர், கொட்டகையில் மண் தின்று ஆயாவிடம் அடி வாங்கியதைச் சொன்னார். ஓர் அம்மா, தனக்குப் பல் முளைத்தபோது ஆயாவின் விரலைக் கடித்தபடிதான் தூங்கியதாகச் சொன்னார். பஸ் ஓட்டும் ஒருவர், "எங்கம்மா மேல ஒட்டுப்பால் நாத்தம் அடிக்கும் டீச்சர். ஆயா மேலதான் பவுடர் வாசம்" என்று சொன்னார். மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் பாலின் வாடை உடம்பை விட்டு லேசில் போகாது. சொன்ன பிறகு, பெற்றவளைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவர் அழுதேவிட்டார். நான் பதிவை நிறுத்திவிட்டு அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"ஆயா உசுரோட இருக்காங்க, தெரியுமா டீச்சர்? ஒங்க வீட்டுப் பக்கம்தான்" என்றார்கள்.

உண்மைதான். சிலிபினில் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில், தம்பி மகளோடு இருந்தார். எண்பது தாண்டியவர். நிமிர்ந்த உடம்பு, அதைவிட நிமிர்ந்த பேச்சு. நான் உட்கார்ந்ததும் முதல் கேள்வியை அவர்தான் கேட்டார்.

"எழுதுறதுக்குச் சம்பளம் குடுக்குறானுங்களா?"

"விழா முடிஞ்சாத்தான் ஆயா."

"முதல்லயே வாங்கிரு. இவனுங்கள எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தனையும் அம்மணமாப் பாத்தவ நான்."

எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. சிரித்து முடித்துப் பதிவுக் கருவியை வைத்தேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் சொல்றத மாத்தாம எழுதுவியா?"

"எழுதுவேன்."

"அப்ப இத எழுது. நான் முப்பது வருசம் ஆயா வேலை பாத்தேன். எழுதிட்டியா? வேலைன்னு எழுதினியா?"

எழுதினேன். பிறகு அவரே சொன்னார். தீபாவளிக்குத் தீபாவளி பிள்ளைகள் எல்லாம் பலகாரம் எடுத்துக்கொண்டு வருவார்களாம். காலில் விழுவார்களாம். நீங்கள் எங்களுக்குத் தாய் மாதிரி என்பார்களாம்.

"தாய் மாதிரின்னா கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தாய்க்கு செக்ரோல்ல பேரு உண்டா? எனக்கு உண்டும்மா. மரம் வெட்டுனவனுக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும்." செக்ரோல் என்பது தோட்டத்து வேலையாட்களின் வருகைப் பதிவு. அதில் பெயர் இருந்தால்தான் வேலையாள்.

அப்புறம் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தை விற்று மூடிய கடைசி நாளில், வேலை செய்தவர்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் போன எல்லா வீட்டுச் சுவரிலும் அது மாட்டியிருந்தது. புத்தகத்துக்கு அட்டைப் படமாகவும் அதைத்தான் முடிவு செய்திருந்தோம்.

"வேலை செஞ்சவங்க எல்லாம் வாங்கன்னு கூப்புட்டாங்க. நானும் தலைய சீவிக்கிட்டுப் போனேன். ஆயா, புள்ளையக் கொஞ்சம் புடிங்கன்னு ஒருத்தி குடுத்தா. இன்னொருத்தியும் குடுத்தா. ரெண்டு இடுப்புலயும் ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு, படம் புடிக்கிறவன் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். அழுவாம பாத்துக்கணுமில்ல, படம் கெட்டுப் போயிருமே. அந்தப் படத்துல எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருக்காங்கள்ல? நான் பின்னால நின்னு வேடிக்கை காட்டுனதப் பாத்துச் சிரிக்கிறாங்க."

அத்தனை வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தேனே, ஆயா எங்கே என்று ஒரு வீட்டிலாவது கேட்டேனா?

"இந்தத் தடவ புஸ்தகத்துல நான் இருக்கணும்," என்றார். "வேலை செஞ்சவளா இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

வீட்டுக்கு நடந்து வரும்போது மனசு என்னவோ செய்தது. அவர் பிள்ளை பார்த்ததைப் பாசம் என்கிறார்கள், நான் எழுதுவதைச் சேவை என்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு இரண்டுமே செலவில்லாத வார்த்தைகள். 'நான் முப்பது வருஷம் ஆயா வேலை பார்த்தேன்' என்று அவர் சொன்னதை, அவருடைய அத்தியாயத்தின் முதல் வரியாக வைத்தேன்.

எங்கள் புத்தகங்களில் பாதிக்கு மேல் சென்னையில்தான் பக்கம் கட்டி, அச்சடித்துக் கப்பலில் வருகின்றன. எனக்கு அங்கே பல வருஷமாக ஒரு மெய்ப்புத் திருத்துநர் இருக்கிறார். வயதானவர், மரியாதையானவர், ஒற்றுப் பிழை விட்டால் உயிர் போன மாதிரி வருத்தப்படுபவர். இந்தப் புத்தகம் அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் வந்தது.

"அம்மா, பெரட்டுன்னு அடிக்கடி வருதே, புரட்டுன்னு திருத்திடட்டுமா?"

"ஐயையோ, புரட்டுன்னா பொய் பித்தலாட்டமாச்சே! பெரட்டுன்னா காலையில ஆள் எடுக்கறது. விட்டுடுங்க."

"மங்குல பால் வடிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க..."

"மங்குன்னா மரத்துல கட்டுற கோப்பை."

"லயத்துல பொறந்தவர்னு ஒருத்தர். சங்கீதக் குடும்பமா?"

"இல்லைங்க. லயம்னா தொழிலாளிங்களுக்கு வரிசையாக் கட்டின வீடு."

ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கு நின்றேன். ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவர், "உங்க ஊர்த் தமிழே தனி அழகும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி மெய்ப்பை வரி வரியாகப் படித்து, சரி என்று சொல்லி அனுப்பினேன். தெரியாத சொல்லைப் பற்றியெல்லாம் அவர் கேட்டார். தெரிந்த சொல்லைப் பற்றிக் கேட்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

ஞாயிற்றுக்கிழமை விழா. வெள்ளிக்கிழமை மதியம்தான் பெட்டிகள் வந்து இறங்கின. கத்தரிக்கோலை எடுத்து ஒரு பெட்டியைப் பிரித்து, முதல் பிரதியை மோந்து பார்த்தேன். எத்தனை புத்தகம் எழுதினாலும் இந்தப் பைத்தியம் போகாது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். 'நாள் முழுக்க மரம் வெட்டிவிட்டு வந்தவர் பாட்டிசமாகப் படியில் உட்கார்ந்தார்' என்று இருந்தது.

பாட்டிசமா? அது என்ன இழவு?

இரண்டு மூன்று முறை படித்த பிறகுதான் புரிந்தது. நான் எழுதியது ஆயாசமாக. அந்தச் சொல்லின் தலையை வெட்டி எடுத்துவிட்டுப் பாட்டியை ஒட்டவைத்திருந்தார்கள். மளமளவென்று புரட்டினேன். ஆயாக் கொட்டகை எல்லா இடத்திலும் பாட்டிக் கொட்டகை. 'பாட்டி வேலைக்குத் தொரை புதிதாக ஆள் எடுத்தார்.' 'பாட்டி காய்ச்சலில் படுத்தால் அடுத்த தோட்டத்திலிருந்து வேறு பாட்டி வருவார்.' சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பஸ் ஓட்டுநரின் பக்கத்தில் 'பாட்டி மேலதான் பவுடர் வாசம்' என்று இருந்தது. பெற்ற தாயைப் பற்றிச் சொன்னதற்காக அழுத மனுஷனுக்கு இப்போது ஒரு பாட்டி வேறு வந்து சேர்ந்திருந்தார்.

அவருடைய அத்தியாயத்தைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தேன். 'நான் முப்பது வருஷம் பாட்டி வேலை பார்த்தேன்.'

சென்னைக்குப் போன் போட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. அவர் கடைசி வரை கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்.

"எங்க ஊர்ல ஆயான்னா பாட்டிதாங்கம்மா. எழுத்துத் தமிழ்ல பாட்டின்னு ஒரே சீரா இருந்தா நல்லா இருக்கும்னு, அச்சுக்குப் போறப்ப கம்ப்யூட்டர்ல இருக்கற தம்பிகிட்ட மாத்தச் சொன்னேன். அவன் ஒரே தட்டா மாத்திட்டான்."

"உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஆயா இல்லையா? ஆஸ்பத்திரியில இல்லையா?"

"இருக்காங்கம்மா. ஆனா இத்தனை பேர் இவ்வளவு பாசமா சொல்லியிருக்காங்களே, அது சம்பளத்துக்கு வேலை பார்த்த அம்மான்னு எனக்குத் தோணவே இல்லம்மா. படிச்சிட்டு எங்க ஆயாவ நெனச்சிக்கிட்டேன்."

இதற்கு மேல் அந்த மனுஷனை என்ன திட்டுவது? தன் செலவிலேயே முழுசும் மறுபடி அடித்து அனுப்புகிறேன் என்றார். ஆனால் அது வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். விழாவோ நாளைக்கு மறுநாள்.

ஓடினேன் தலைவரிடம். மண்டபத்தில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நான் எதிர்பார்த்த மாதிரி அதிரவில்லை. முகம் மலர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"என்ன டீச்சர், பாட்டின்னா மரியாதையாத்தானே இருக்கு?"

"அவங்க பாட்டி இல்லைங்க. ஆயா."

"ஆயான்னா இப்ப உள்ள புள்ளைங்களுக்கு வேலைக்காரின்னுதான் தோணும் லா. டத்தோ வேற வாராரு. ஆயா வளத்த புள்ளைங்கன்னு மேடையில சொல்லிக்கிட்டா எப்படி இருக்கும்?"

"போன மாசம் ஆயா ஆயான்னு எங்கிட்ட நீங்கதானே கண்ணு கலங்குனீங்க?"

"அது நமக்குள்ள டீச்சர். இது புக்கு."

விழாவைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மண்டபம் சொல்லியாயிற்று, சாப்பாடு சொல்லியாயிற்று, டத்தோவின் தேதி மறுபடி எப்போது கிடைக்குமோ. அந்த ஒரு நாளை நம்பித்தான் என் அடுத்த சில மாதம் இருந்தது. பயந்தேன், அதுதான் உண்மை. ஆனால் ஆயாவிடம் சொல்லாமல் மேடையில் போய் உட்காரவும் என் மனசு இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் போனேன். தம்பி மகள் கதவைத் திறந்து, "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா? அத்தை புது சேலையெல்லாம் எடுத்து வச்சிருக்காங்க" என்றாள். நாற்காலி முதுகில் ஒரு பச்சைச் சேலை மடித்துக் கிடந்தது.

ஆயாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். சென்னை, கம்ப்யூட்டர், ஒரே தட்டு, எல்லாம்.

"படி," என்றார்.

"நான் முப்பது வருஷம் பாட்டி வேலை பார்த்தேன்."

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. "பாட்டி வேலையா? அது என்ன வேலை? வெத்தல இடிக்கிற வேலையா?" என்றார். தம்பி மகளும் சிரித்தாள். பிறகு அவர் சிரிப்பு நின்றுபோனது. பச்சைச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் கரையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் வரலம்மா," என்றார். "நீங்க நடத்துங்க. படத்துலயும் இல்ல, இதுலயும் இல்ல. சரி, போவுது."

"ஆயா, அடுத்த மாசம் திருத்தின புத்தகம் வந்துரும்..."

"அடுத்த மாசம் யாரு பாக்குறா? நாளைக்குத்தான் எல்லாரும் வருவானுங்க." தலையைத் தூக்கிக் கேட்டார். "அவன் என்ன சொன்னான், அந்த ஏர்கோன்காரன்?"

மறைக்க நினைத்தேன். வாய் நிற்கவில்லை. "பாட்டின்னா மரியாதையாத்தானே இருக்குன்னு சொன்னாரு. ஆயான்னா வேலைக்காரின்னு தோணுமாம்."

அவர் மடியில் இருந்த சேலையை உதறி விரித்தார்.

"ஓஹோ. அப்படியா சொன்னான்? அப்ப வாரேன்."

ஞாயிறு காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் பன்னீர், உள்ளே மீகூன் சேமியா வாசம், ஒருவரை ஒருவர் பார்த்து "டேய், நீயாடா!" என்கிற கூச்சல். நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் டத்தோ. முதல் வரிசையில் பச்சைச் சேலையில் ஆயா, பக்கத்தில் தம்பி மகள். புத்தகத்தில் ஒரு தவறு இருக்கிறது என்று என் பேச்சில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் என் முறை கடைசியில்தான். தலைவர் எனக்கு முன்னால் மைக்கைப் பிடித்துவிட்டார்.

நன்றாகத்தான் பேசினார். பெரட்டைப் பற்றிச் சொன்னார், பால் டின்னில் விளையாடியதைச் சொன்னார். பிறகு புத்தகத்தைத் திறந்து, "இதக் கேளுங்க. நம்மள வளத்தவங்களே சொல்லியிருக்காங்க. 'நான் முப்பது வருஷம் பாட்டி வேலை பார்த்தேன்.' எவ்வளவு அழகு! இவங்கதான் நம்ம எல்லாருக்கும் பாட்டி!" என்றார்.

சிரிப்பும் கைதட்டலும் மண்டபத்தை நிறைத்தன. மனசறிந்து தட்டிய கைகள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது பச்சைச் சேலை மேடைப்படி ஏறிக்கொண்டிருந்தது. தம்பி மகள் பின்னாலேயே "அத்தை, மெதுவா, அத்தை" என்று ஓடி வந்தாள். ஆசீர்வாதம் செய்ய வருகிறார் என்று நினைத்துத் தலைவர் குனிந்தார். ஆயா அவருடைய கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"டேய். காலையில பெரட்டு முடிஞ்சதும் ஒங்கம்மா எங்கடா போவா?"

தலைவர் விழித்தார். "மரம் வெட்ட..."

"ஒம் பாட்டி? ஒங்கப்பாவப் பெத்தவ?"

"அவங்களும் மரம் வெட்டத்தான்."

"அப்ப கொட்டாய்ல இருந்தது யாரு?"

"நீங்கதான்."

"நான் யாரு?"

தலைவர் டத்தோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "ஆயா," என்றார்.

"மைக்குல சொல்லு."

"ஆயா."

"ம். பாட்டி வேலைன்னு ஒரு வேலை ஒலகத்துல கெடையாது," என்று அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஒங்க பாட்டிங்க எல்லாம் கூடை தூக்கிக்கிட்டு, வாளி தூக்கிக்கிட்டு வெட்டுக்காட்டுக்குப் போனாளுங்க. அவளுங்களால வீட்டுல ஒக்கார முடிஞ்சிருந்தா நான் எதுக்கு? நான் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. கொட்டாயத் தொறந்து வைக்கச் சொல்லி தொரை சம்பளம் குடுத்தான், தொறந்தேன். சம்பளத்துக்குத்தான் ஒங்களத் தூக்குனேன். தூக்குனதுல ஒரு புள்ளையக்கூட கீழ போட்டதில்ல." அங்கேதான் அவர் குரல் உடைந்தது. "அதத்தான் எழுதச் சொன்னேன். இந்தம்மாவும் அப்படித்தான் எழுதிச்சு. எவனோ மாத்திட்டான். நீங்களும் கை தட்டுறீங்க."

டத்தோ கையில் உறையோடு பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். இன்றைக்கு ஒரு புத்தகம்கூட விற்காது என்று எனக்குள் ஒரு மூலை கணக்குப் போட்டது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. மற்ற மூலையெல்லாம் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

தலைவரைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆள், உதடு பிதுங்கி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட நின்றார். "ஆயா, தப்பு ஆயா," என்றார். "வேலைன்னு சொன்னா ஒங்களக் கொறைச்சிட்ட மாதிரி ஆயிருமேன்னு..." பாத்திக் சட்டையில் பையைத் தேடினார். கைக்குட்டை இல்லை.

ஆயா ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடியே மறுகையால் பச்சைச் சேலைத் தலைப்பை இழுத்து, அண்ணாந்து, அவருடைய மூக்கைப் பிடித்தார்.

"சிந்து," என்றார். மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

தலைவர் சிந்தினார்.